பழைய முகம் போதும்

புதுப்புது உதிரிபாகங்களை வார்த்துத் தள்ளும் புனே போசரியில் ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பழையதாகவே ஓடவைக்க என்ன செய்ய வேண்டும்?

புனேக்குப் புதிதாக வந்தவர்களைப் போசரி முன்பு பெயரிலேயே குழப்பிவிட்டதுண்டு. 2022 மார்ச்சில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, நாசிக் பாட்டா சந்திப்பில் கட்டிய நிலையத்துக்குப் போசரி என்று பெயர் சூட்டினார்கள். அங்கே இறங்கினால் மேம்பாலங்கள் தெரியும், ஊர் தெரியாது. போசரி இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து போக வேண்டும். வழியெல்லாம் லாரிகள், டெம்போக்கள், இரும்புத் தண்டுகளை நீட்டிக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டிகள்.

ஊருக்குள் பைரவநாதர் கோயில் இருக்கிறது. ஞானேசுவரர் சமாதி கொண்ட ஆளந்திக்கு இங்கிருந்து ஒரு சாலை பிரிகிறது. இவை பழைய போசரியின் அடையாளங்கள். புதிய போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் தொடங்குகிறது. ஜே பிளாக், எஸ் பிளாக், டி பிளாக் என்று எழுத்துகளே தெருப்பெயர்கள். கியர் கட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், பவுடர் கோட்டிங், சி.என்.சி. டர்னிங் என்று கடைப் பலகைகளே ஒரு பாடப்புத்தகம் மாதிரி இருக்கின்றன. காற்றில் கூலன்ட் எண்ணெயின் வாடை.

மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் 1962இல் உருவானது. பிம்ப்ரியில் டெல்கோவும் ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோவும் வேரூன்றியபோது அவற்றுக்குத் தேவைப்பட்ட ஆயிரக்கணக்கான சின்னச்சின்ன பாகங்களைச் செய்துகொடுக்கும் பட்டறைகள் போசரியில் முளைத்தன. விவசாயக் கிராமமாக இருந்த ஊர் பிம்ப்ரி - சிஞ்ச்வட் நகராட்சிக்குள் வந்தது. 1982இல் அது மாநகராட்சி ஆயிற்று. மராட்வாடாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தமிழர்களும் வந்தார்கள். பக்கத்தில் தேஹு ரோடு ராணுவக் கிடங்கையும் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே இருந்தன. ஐ.டி.ஐ. சான்றிதழோடு ரயிலேறிய இளைஞர்களுக்கு அது தைரியம் கொடுத்தது.

இந்த ஊரின் திறமையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வரைபடம் கொடுத்தால் எதையும் செய்துகொடுப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் பொருளைத் திருப்பியனுப்பும் ஊர் இது. இப்படிப்பட்ட இடத்தில் செய்யவே முடியாத ஒரு பொருள் உண்டா என்று கேட்டால், உண்டு. முப்பது வருடத்துப் பழைய கடிகார முகம்.

ஒரே பெயர், இரண்டு பொருள்

போசரியின் பழைய பட்டறைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் லேத்துகளில் எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்தைப் பார்க்கலாம். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்டபோது, அதன் வேலை சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் துணையோடு கடைசல் இயந்திரங்கள் செய்வதுதான். பிறகு 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து அதே பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தார்கள். முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. லேத்தின் எடை டன் கணக்கில், கடிகாரத்தின் எடை கிராம் கணக்கில். இரண்டிலும் பெயர் ஒன்று.

ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஜவான் என்று பெயர்கள் பெருகின. ஸ்ரீநகரிலும் துமகூரிலும் நைனிடால் அருகே ராணிபாகிலும் தொழிற்சாலைகள் வந்தன. பள்ளியிறுதித் தேர்வில் தேறினால், கல்யாணம் ஆனால், முதல் சம்பளம் வாங்கினால் ஒரு எச்.எம்.டி. வாங்குவது என்பது தமிழ்நாட்டிலிருந்து காஷ்மீர்வரை ஒரு சடங்காகவே இருந்தது. தொழிற்சாலைகள் நீண்டகாலம் உழைத்தவர்களுக்குப் பரிசாகவும் இந்தக் கடிகாரங்களைக் கொடுத்தன. டயலில் நிறுவனத்தின் சின்னம், பின்மூடியில் தொழிலாளியின் பெயர் என்று சொல்லிச் செய்வித்தவை அவை.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வந்தது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஒசூரிலிருந்து சந்தையைப் பிடித்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு மவுசு போயிற்று. எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. துமகூர்த் தொழிற்சாலையின் நிலம் விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவுக்குப் போயிற்று. அந்தச் செய்தி வந்த பிறகுதான் பலருக்குத் தங்கள் வீட்டு மேசை இழுப்பறை ஞாபகம் வந்தது. உள்ளே, வார் அறுந்து, கண்ணாடி மங்கி, அப்பாவின் கடிகாரம் கிடந்தது.

வியாழக்கிழமை கூட்டம்

போசரித் தொழிற்பேட்டைக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க ஏற்படுத்திய வழக்கம் இது. ஞாயிறன்று ஊர் முழுக்க இயந்திரம் ஓடும். வியாழனன்று முடிவெட்டும் கடையிலும் வங்கியிலும் கூட்டம். சந்தைத் தெருவில் ஒரு மாடிப்படியின் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்காரருக்கும் அன்றுதான் வேலை அதிகம்.

மேசை ஒரு முழ அகலம். அதன்மேல் கவிழ்த்துவைத்த கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு பெட்ரோல் குப்பி, காற்றடிக்கும் ரப்பர்ப் பந்து. நரைத்த புருவத்துக்குக் கீழே ஒற்றைக்கண் லென்ஸை இடுக்கிக்கொண்டு வேலை செய்கிறார். தந்தையிடம் தொழில் கற்றவர். என்னைத் ‘தாயி’ என்று அழைத்தார். மராத்தியில் அதற்கு அக்கா என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்பதைச் சொன்னபோது சிரித்துவிட்டு மறுபடியும் லென்ஸுக்குள் போய்விட்டார்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் தமிழர். 1968இல் ஃபிட்டராக இங்கே வந்தவர், எண்பதை நெருங்குகிறார். அவர் மகனும் கூட வந்திருந்தார். மேசையில் ஒரு எச்.எம்.டி. கிடந்தது. 1993இல், 25 ஆண்டு வேலை முடித்ததற்குத் தொழிற்சாலை கொடுத்தது. பன்னிரண்டு மணிக்குக் கீழே அந்தத் தொழிற்சாலையின் சின்னம். வெள்ளை டயல் தயிரில் மஞ்சள் கலந்த நிறத்துக்கு வந்திருந்தது. நாலு மணிப் பக்கம் பழுப்பாக ஒரு ஈரக்கறை. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த மனையில் அடுக்குமாடி வீடுகள்.

“அடுத்த வருஷம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அதுக்குள்ள இதைப் புதுசு மாதிரி பண்ணிடணும். டயலை மாத்திடலாம்னு நகரத்துல ஒரு கடையில சொன்னாங்க” என்றார் மகன்.

பெரியவர் மகனைப் பார்க்கவில்லை. ரிப்பேர்காரரிடம் கேட்டார், “பாவு, நீ என்ன சொல்றே?”

“அண்ணா, ஓட வைக்கிறேன். டயலைத் தொடமாட்டேன். கட்டாயம் புது டயல்தான் வேணும்னா வேற ஆளைப் பாருங்க.”

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு தொழிலின் நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் கடிகாரத்தின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

வயிற்றுக்குள்ளே

சாவி கொடுக்கும்போது ஒரு எஃகு நாடா சுருள்கிறது. அதுதான் மெயின் ஸ்பிரிங், பழைய ஆட்கள் வாயில் ‘வில்’. அது விரியத் துடிக்கிறது. அந்த வேகத்தைப் பற்சக்கரங்கள் வழியே கடத்தி, ஒரு சின்ன நங்கூரம் போன்ற பாகம் அடக்கி அடக்கி விடுகிறது. எவ்வளவுக்கு ஒருமுறை விட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பேலன்ஸ் சக்கரமும், தலைமயிரைவிட மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கும். எச்.எம்.டி.யின் வழக்கமான 17 கல் இயந்திரத்தில் நொடிக்கு 5 துடிப்பு, மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. நிற்காமல் ஓடினால் ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சம். அந்த 17 கற்கள் செயற்கை மாணிக்கங்கள். அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. எஃகு அச்சு எஃகில் உரசினால் சீக்கிரம் தேயும் என்பதால், அச்சின் முனையைக் கல்லின் குழியில் உட்காரவைக்கிறார்கள்.

கல்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு துளி எண்ணெய் இருக்க வேண்டும். துளி என்பதுகூடப் பெரிய வார்த்தை. ஊசிமுனையில் தொற்றும் அளவு. சில ஆண்டுகளில் அது வற்றும், அல்லது பிசினாகும். அதன் பிறகும் கடிகாரம் ஓடும், ஆனால் அச்சைத் தின்றுகொண்டு ஓடும். பல வருடம் இழுப்பறையில் கிடந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, “அட, ஓடுதே” என்று கட்டிக்கொள்வதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

சர்வீஸ் என்றால் எல்லாவற்றையும் கழற்றுவது. முழுக்கக் கழற்றி, பாகங்களைக் கழுவி, உலர்த்தி, கற்குழிகளைக் கூராக்கிய குச்சியால் துடைத்து, மறுபடி பூட்டி, இடத்துக்கு ஏற்ற எண்ணெய் வைப்பது. மெதுவாகச் சுற்றும் கனமான சக்கரத்துக்குக் கெட்டி எண்ணெய். வேகமாக ஆடும் பேலன்ஸ் முனைக்கு நீர்த்த எண்ணெய். சக்கரங்களின் பற்களில் எண்ணெய் படவே கூடாது. அங்கே பட்டால் தூசி சேரும். பின்மூடியைத் திறந்து பெட்ரோலில் முக்கியெடுத்து, அப்படியே மூடித் தருபவர்களும் இருக்கிறார்கள். அது குளிப்பாட்டல். சர்வீஸ் என்று அதைச் சொல்ல முடியாது.

போசரிக்கே உரிய ஒரு நோயும் கடிகாரங்களுக்கு உண்டு. சமதள கிரைண்டிங் இயந்திரங்களில் இரும்புத் துண்டைப் பிடித்துவைக்க காந்தப் பலகை இருக்கும். அதன் பக்கத்தில் வருடக்கணக்காகக் கையை நீட்டி வேலை செய்தவரின் கடிகாரத்தில் காந்தம் ஏறிவிடும். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் கண்டபடி வேகமாக ஓடும். மேசையில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார் ரிப்பேர்காரர். கடிகாரத்தை அதன்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கியபடியே மெல்ல விலக்கினால் காந்தம் இறங்கிவிடுகிறது. பெரியவரின் கடிகாரத்துக்கு முதல் வைத்தியம் அதுதான்.

இத்தனையும் செய்தால் கடிகாரத்தின் மூலத்தன்மை போய்விடாதா? போகாது. மெயின் ஸ்பிரிங் தளர்ந்துபோகும், எண்ணெய் வற்றும், பிளாஸ்டிக் கண்ணாடி கீறும். இவை மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. தொழிற்சாலையில் இதை வடிவமைத்தவர்களே அப்படித்தான் நினைத்திருப்பார்கள். விஷயம் முகத்தில் வரும்போது கணக்கு மாறிவிடுகிறது.

மும்பை ஸ்பெஷல்

உலகெங்கும் பழைய கடிகாரம் சேகரிப்பவர்களிடையே ‘மும்பை ஸ்பெஷல்’ என்றொரு சொல் புழங்குகிறது. அது பாராட்டு அல்ல. இந்தியாவிலிருந்து வரும், முகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த கடிகாரங்களைக் குறிப்பது. எச்.எம்.டி., ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், கேமி என்று எந்தப் பெயரிலும் கிடைக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் உண்மையான இயந்திரம்தான். ஆனால் டயல் ஆரஞ்சு, கிளிப்பச்சை, இரண்டு நிற வளையம் என்று அந்த நிறுவனம் கனவிலும் கண்டிராத வேஷத்தில் இருக்கும்.

செய்முறை எளிது. டயலைக் கழற்றி, ரசாயனத்தில் போட்டு, பழைய பெயின்டையும் எழுத்தையும் கரைத்துவிடுகிறார்கள். வெறும் உலோகத் தகட்டில் புது நிறம் ஏற்றி, ரப்பர் போன்ற மெத்தையால் எழுத்தை ஒற்றியெடுத்துப் பதிக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக்கட்டைகளோடு நேராக நிற்காது. சுவிஸ் கடிகாரம் என்றால், ஆறு மணிக்கு அடியில் பொடியெழுத்தில் இருக்க வேண்டிய ‘ஸ்விஸ் மேட்’ காணாமல் போயிருக்கும். முட்கள் வேறொரு கடிகாரத்திலிருந்து வந்தவையாக, நிமிடக் கோட்டைத் தொடாமல் குட்டையாக நிற்கும்.

புனேயில் புதனும் ஞாயிறும் கூடும் ஜுனா பஜாரில் பழைய இரும்புக்கும் பித்தளை விளக்குக்கும் நடுவே இப்படிப்பட்ட முகங்கள் வரிசையாகப் படுத்திருக்கும். பளபளப்பானதையே கை முதலில் தேடிப் போகிறது என்பது மனித இயல்பு.

டயல் அடிப்பவர்களை மோசடிக்காரர்கள் என்று மொத்தமாகச் சொல்வது நியாயமல்ல. கடிகாரம் ஆயுளுக்கு ஒன்று என்றிருந்த காலத்தில், மழைநீர் புகுந்து எண்கள் அழிந்த டயலைத் திரும்பப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். அன்றைக்கு வாடிக்கையாளர் கேட்டதும் அதைத்தான். அடித்த முகத்தை அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் வேலை வியாபாரமாகி, வியாபாரம் பொய்யாகிறது.

உறையிலும் இதே கதைதான். எச்.எம்.டி.யின் எளிய ரகங்களில் உறை பித்தளை, மேலே குரோமியப் பூச்சு. பல வருட வியர்வையில் பூச்சு அரித்து, காதோரங்களில் மஞ்சள் தெரியும். பாலிஷ் சக்கரத்தில் காட்டினால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். எஃகு உறையாக இருந்தாலும் நிம்மதியில்லை. கூரான விளிம்புகள் மழுங்கி, சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். பின்மூடியில் பொறித்த பெயரின் ஆழம் குறையும். ஒவ்வொரு பாலிஷிலும் உலோகம் கொஞ்சம் போகிறது. போனது திரும்பி வராது.

பழைய சுவிஸ் கடிகாரங்களில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 1960கள்வரை இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் பூசினார்கள். அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அதைச் சுரண்டிப் புதுப் பூச்சு வைக்கச் சொல்பவர், மூல முகத்தை இழப்பதோடு, ரிப்பேர்காரரின் மூச்சுக்குள் நஞ்சையும் அனுப்புகிறார். ஒளிராவிட்டால் போகட்டும். விட்டுவிடுவது நல்லது.

இடைவெளியை இடைவெளியாக

தமிழ் படித்தவர்களுக்கு இந்த வழக்கு புதிதல்ல. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுகளில் சொற்கள் சிதைந்திருந்தன. பதிப்பில் சிதைந்த இடங்கள் சிதைந்த இடங்களாகவே நிற்கின்றன. அந்தப் புலமைக்கு, பொருந்துகிற மாதிரி இரண்டு சீர் கட்டி நிரப்புவது கஷ்டமா? நிரப்பியிருந்தால் எது பழையது, எது புதியது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போயிருக்கும். புள்ளிகள் நேர்மையானவை.

மாறான உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. குடமுழுக்கு நெருங்கியதும் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில், ஆயிரம் வருடக் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போன கோயில்கள் தமிழ்நாட்டில் உண்டு. செய்தவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. சுவாமிக்குச் செய்யும் காரியம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான். அப்பாவின் கடிகாரத்தைப் புதுசு பண்ணத் துடிக்கும் மகனிடம் இருப்பதும் அதே அன்புதான்.

போசரியின் தர்மமோ வேறு. தேய்ந்த லேத்தை ரீகண்டிஷன் செய்வார்கள். பெட்டை அரைத்து, கையால் சுரண்டி மட்டம் பார்த்து, புதுத் தாங்கிகள் போட்டு, கடைசியில் பளபளவென்று பச்சைப் பெயின்ட் அடிப்பார்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை. லேத்தின் மதிப்பு அது நாளைக்கு என்ன செய்யும் என்பதில் இருக்கிறது. பெரியவரின் கடிகாரத்திடம் யாரும் நாளைய வேலையை எதிர்பார்க்கவில்லை. நேரம் பார்க்கக் கைபேசி போதும். அது தாங்கி நிற்பது நடந்து முடிந்ததை.

சந்தையும் இதைத் தன் பாஷையில் ஒத்துக்கொள்கிறது. 2017இல் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமனின் ரோலக்ஸ் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பின்மூடியில் மனைவி பொறித்துக்கொடுத்த சொற்களும், அவர் கட்டித் தேய்த்த தழும்புகளும் அப்படியே இருந்தன. யாராவது பாலிஷ் போட்டிருந்தால் விலை குறைந்திருக்கும். போசரி எச்.எம்.டி.க்கு அப்படி எந்த ஏலமும் காத்திருக்கவில்லை. ஆனாலும் சூத்திரம் ஒன்றேதான்.

மாடிப்படியின் கீழே இந்தத் தத்துவம் எதையும் ரிப்பேர்காரர் பேசவில்லை. லென்ஸைக் கழற்றி மகனிடம் கொடுத்து, டயலைப் பார்க்கச் சொன்னார். மகன் குனிந்தார்.

“சின்னத்துக்குள்ள இருக்கிற எழுத்து தெரியுதா?”

“தெரியுது.”

“புது டயல்லயும் இதை அடிச்சுத் தருவாங்க. நல்லாவே இருக்கும். ஆனா அது இந்த வருஷம் அடிச்ச எழுத்து. அந்தக் கம்பெனி உங்க அப்பாவுக்குக் கொடுத்ததா இருக்காது.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவர்தான் பேசினார். நாலு மணிக் கறையைச் சுட்டுவிரலால் காட்டி, “இது கூலன்ட் தண்ணி. குழாய் வெடிச்சப்ப உள்ள போயிடுச்சு. அன்னிக்கு நைட் ஷிப்ட்” என்றார். இத்தனை வருடம் வீட்டில் சொல்லாத விஷயம் போலிருக்கிறது. மகன் நிமிர்ந்து பார்த்தார்.

“சரிப்பா, டயல் இருக்கட்டும்” என்றார்.

காகிதப் பொட்டலம்

அதன் பிறகு நடந்தது பேரம். மெயின் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். தொழிற்சாலை மூடியதிலிருந்து அசல் உதிரிபாகம் அரிது. ரிப்பேர்காரர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே இறந்துபோன எச்.எம்.டி.க்கள். ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்கு உயிர். கண்ணாடி புதிது போடலாம், பாதகமில்லை. சாவிக் குமிழின் பற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. புதுக் குமிழ் போடாவிட்டால் சாவி கொடுக்க முடியாது. போட்டால் மூலக் குமிழ் போய்விடும். “பழையதைத் தூக்கிப் போடாதே பாவு” என்றார் பெரியவர். “போடுவேனா அண்ணா?” என்று அவர் சின்னக் காகிதத்தை மடித்துப் பொட்டலம் கட்டக் காட்டினார். கழற்றிய ஒவ்வொரு மூலப் பாகத்தையும் அதில் போட்டுத் திருப்பித் தருவது அவர் வழக்கம். நாளைக்கு யாராவது பழைய நிலைக்கே கொண்டுபோக நினைத்தால் முடிய வேண்டும். அருங்காட்சியகங்களில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. போசரியில் அது ஒரு பொட்டலம்.

வீட்டில் இப்படி ஒரு கடிகாரம் வைத்திருப்பவர்கள், எந்த ஊரிலானாலும், கொடுப்பதற்கு முன் சில விஷயங்களைப் பேசிவிடுவது நல்லது. முகத்தையும் முட்களையும் பின்மூடியையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். டயலுக்குப் பெயின்ட், உறைக்குப் பாலிஷ் கூடாது என்பதை வாயால் சொல்லாமல் ரசீதில் எழுதிக் கேளுங்கள். முழுக்கக் கழற்றிச் சுத்தம் செய்வாரா என்று விசாரியுங்கள். எது மாற்றப்படும், மாற்றும் பாகம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். கழற்றியதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மறுநாளே வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். நல்ல ரிப்பேர்காரர் பூட்டிய பிறகும் கடிகாரத்தைப் படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் சில நாள் ஓட்டிப் பார்ப்பார். ‘புதுசு மாதிரி ஆக்கித் தரேன்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இப்படிப் பொறுமையாக உட்காரும் ஆட்கள் குறைந்துவருகிறார்கள் என்பது வேறொரு கவலை. போசரி மாடிப்படிக்காரரின் மகன் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுகிறார். நல்ல சம்பளம். லென்ஸ் வாரிசில்லாமல் இருக்கிறது. உதிரிபாகம் இல்லாவிட்டால் இன்னொரு கடிகாரத்திலிருந்து எடுக்கலாம். அந்தக் கைகளை எந்த டப்பாவிலிருந்து எடுப்பது?

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு வியாழக்கிழமை, கடிகாரம் தயாராகியிருந்தது. புதுக் கண்ணாடியின் கீழே பழைய மஞ்சள் முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கறையும் தெளிவாகத் தெரிந்தது. பெரியவர் காதருகே வைத்துக் கேட்டார். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரிப்பேர்காரர் ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொன்னார்: நாளொன்றுக்கு ஒரு நிமிடம் முந்தும், அதற்குமேல் இந்த வயதில் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

“முந்தட்டும்” என்றார் பெரியவர். அவருக்கு இனி எந்த ஷிப்டுக்கும் அட்டை தட்ட வேண்டியதில்லை.